அறுபத்தொன்பது டிகிரி

ஒன்பது மணி நேரம் நாற்பது நிமிடம். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் ஓவன் கதவைத் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு உள்ளே போன பன்றித் தோள், பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு வெளியே வர வேண்டும்.

மகளுக்குச் சந்தேகம் தட்டியது அந்த நாற்பது நிமிடத்தில்தான்.

அம்மா கடிகாரம் பார்த்துச் சமைப்பவள் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. நூற்றெண்பது பேருக்கு மதிய உணவு. அங்கே அவளுக்கு 'மூக்கு' என்றுதான் பெயர். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்வாள். ஆய்ந்தபடியே, "மூணாவது சட்டி அடி பிடிக்கப் போகுது, கிளறுங்கடி" என்பாள். ஆவியை முகர்ந்து உப்புக் குறைவைச் சொல்வாள். "உப்புக்கு வாசனையே கிடையாதும்மா" என்று பட்டம் வாங்கிய வருடம் மகள் சண்டை போட்டிருக்கிறாள். "உன் காலேஜ்ல இருக்காது. என் சட்டியில இருக்கு" என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள்.

அப்படிப்பட்டவள் வியாழக்கிழமை மாலை, மகள் செருப்பைக் கழற்றுவதற்குள், "உங்க லேபுல ஊசி மாதிரி குத்திப் பாக்கற தெர்மாமீட்டர் இருக்குமே, ஒரு நாளைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"கறிக்குள்ள எவ்வளவு சூடுன்னு பாக்கத்தான்."

"நீயா? தெர்மாமீட்டர் வெச்சா?"

"ஏன், நான் வெச்சா அது காய்ச்சல்ல விழுந்துடுமா?"

மகள் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். பேச்சு குறைவு. யாராவது சத்தமாகச் சிரித்தாலே காது சிவந்துவிடும். ஆனால் ஒரு எண் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் அதை விடவே மாட்டாள். மறுநாள் தெர்மாமீட்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள். கூடவே சந்தேகத்தையும்.

சந்தேகத்துக்கு வேறு காரணமும் இருந்தது. வேறொரு ஊரில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆய்வு நிலையத்தில், அவளுக்கு இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ஐந்தைத் தாண்டினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அப்பா இறந்து ஒன்பது வருடம். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அம்மாவைத் தனியே விட்டுப் போவதா என்று மகள் பத்து நாளாகத் தவித்துக்கொண்டிருந்தாள். அம்மாவோ ஒரு பேச்சுக்குக்கூட 'இரு' என்று சொல்லவில்லை. போ, போ என்று ஒற்றைக் காலில் நின்றாள். பயணப் பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

ஒரு காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போனாலும் வாசல் வரை வந்து நிற்கிறவள், இரண்டு வருடத்துக்கு இப்படித் துரத்துகிறாள் என்றால் என்ன அர்த்தம்?

யோசிக்க யோசிக்க மற்றவையும் கூடவே வந்து நின்றன. மூன்று மாதத்துக்கு முன் அம்மா கேஸ் அடுப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மின்சார அடுப்பும் ஓவனும் வாங்கினாள். சிலிண்டர் நகர்த்த இடுப்பு பிடிக்கிறதாம். இடுப்பு பிடித்ததாக அதற்கு முன்னும் பின்னும் அவள் சொன்னதே இல்லை. பிறகு அலமாரி டப்பாக்களில் எல்லாம் சீட்டு ஒட்டினாள். சீரகத்தில் 'சீரகம்' என்று எழுதி ஒட்டியிருந்தது, கீழே தேதி. பால் பாத்திரத்துக்கும் தேதி. வீட்டை வேறு யாரிடமோ ஒப்படைக்கப் போகிறவர்கள்தான் இப்படிச் செய்வார்கள். வீட்டை விற்கிறாளா? என் அறையை வாடகைக்கு விடுகிறாளா? ஒருவேளை யாராவது வந்து இங்கே குடியிருக்கப் போகிறார்களா, யாரோ ஒரு ஆள்? அந்த எண்ணம் வந்த வேகத்திலேயே மகளின் காது சிவந்தது. அதை அப்படியே மூடி வைத்தாள்.

தோள்கறியைக் கொண்டுவந்து கொடுத்தது மாமா. அம்மாவின் தம்பி, கறிக்கடை வைத்திருக்கிறார். எலும்போடு இரண்டு கிலோ எண்ணூறு கிராம், மேலே விரல் கனத்துக்குக் கொழுப்பு. "நாலு மணிக்குச் சாப்பிட வந்துடுவேன். கருக்கிடாதீங்க. பன்னி ஒரு தடவைதான் சாகும்" என்று வெள்ளிக்கிழமை இரவு சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அதையும் மகள் குறித்துக்கொண்டாள்.

காலையில் அம்மா கறிப்பொட்டலத்தைப் பிரித்ததும் மகளைக் கூப்பிட்டாள். "நல்லா இருக்கா பாரு."

"மாமா கடைக் கறிதானே?"

"இருந்தாலும் முகர்ந்து பாரு."

மகள் குனிந்தாள். குளிர்ந்த இரும்பு மாதிரி ஒரு வாசனை, அவ்வளவுதான். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்பும் மிளகும் நசுக்கிய பூண்டும் தேய்த்து, ஆழமான தட்டில் வெங்காயத்தைப் பரப்பி, மேலே கறியை வைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நூற்றிருபது டிகிரியில் உள்ளே தள்ளினார்கள். ஊசியின் கம்பி கதவிடுக்கு வழியாக வெளியே வந்து மேடையில் இருந்த சிறு பெட்டியில் முடிந்தது. பெட்டியில் 7 என்று தெரிந்தது. அம்மா முன்றானைக்குள்ளிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதினாள். எழுதியதும் மறுபடி உள்ளே செருகிக்கொண்டாள்.

"என்ன நோட்டும்மா?"

"கணக்கு."

"என்ன கணக்கு?"

"கறிக் கணக்கு. போ, பல் தேய்."

எட்டு மணிக்கு அம்மா அவளை முட்டைக்கோஸ் வாங்க அனுப்பினாள். தெருமுனையில்தான் கடை. திரும்பி வந்து கதவைத் திறந்தவளிடம், முட்டைக்கோஸைக் கையில்கூட வாங்காமல் கேட்டாள்: "உள்ள நுழையறப்போ என்ன வாசனை வந்துச்சு?"

"வெங்காயம். பூண்டு கொஞ்சம்."

"எங்க வரைக்கும்?"

"படி வரைக்கும் வந்துச்சு."

அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

பத்தரைக்கு வினிகர். வீட்டில் பாதிப் புட்டி இருந்தது. "அது பழசு" என்றாள் அம்மா. தேதி ஒட்டியிருந்தது, பழசில்லை. மகள் பையை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் அதே கேள்வி. "கொழுப்பு உருகுற வாசனை. கொஞ்சம் இனிப்பா" என்றாள். பெட்டியில் 61.

என்னை எதற்காக வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறாள்? நான் இல்லாத அரை மணி நேரத்தில் இங்கே என்ன நடக்கிறது?

பதினொன்றே முக்காலுக்கு எண் 69 ஆனது. பன்னிரண்டுக்கும் 69. பன்னிரண்டரைக்கும் 69. அம்மா நாற்காலியை ஓவனுக்கு முன்னால் இழுத்துப் போட்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது.

"நின்னு போச்சு பாப்பா."

மகளுக்கு வயது இருபத்தாறு. வீட்டில் இன்னும் பாப்பாதான்.

"நீ பாக்கறதால அதுக்குக் கூச்சமா இருக்கும்."

"விளையாடாதே. ஓவன் செத்துடுச்சா? இல்ல உன் பெட்டி பொய் சொல்லுதா?"

மகளுக்குக் கருவியைக் குறை சொன்னால் பொறுக்காது. கூடவே எடுத்துவந்திருந்த இன்னொரு ஊசியைப் பெட்டியில் மாட்டி, பனிக்கட்டித் தண்ணீரில் வைத்தாள். பூஜ்யம். கொதிக்கும் தண்ணீரில் வைத்தாள். நூறு. கறி ஊசியை மாட்டினாள். மறுபடி 69.

"பெட்டி பொய் சொல்லலம்மா. கறி வேர்க்குது. உள்ள இருக்கற தண்ணி மேல வந்து ஆவியாகுதா, அது போறப்போ சூட்டையும் எடுத்துட்டுப் போயிடும். ஓவன் ஏத்தறதை வேர்வை இறக்கிடுது. அதான் நிக்குது. காஞ்சா தானா ஏறும். இருபத்திரண்டு வருஷமா தோள்கறி செய்யறே, இது உனக்குத் தெரியாதா?"

"நான் எப்போ நம்பர் பாத்தேன்? அது ஆனதும் எனக்கே..." அம்மா நிறுத்தினாள்.

"உனக்கே?"

"சாறுக்குப் போட சோம்பு இல்ல. ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா."

கருவி பொய் சொல்லவில்லை. ஓவன் பொய் சொல்லவில்லை. மிச்சம் இருப்பது யார் என்று பார்த்தாள் மகள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சத்தமாகச் சாத்தினாள். நான்கு படி இறங்கினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு படி ஏறினாள். தன் வீட்டு வாசலில் திருடி மாதிரி நிற்பது அவளுக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் நின்றாள்.

உள்ளே அம்மா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அனுப்பிட்டேன்டா. சோம்புக்கு... இல்ல, இன்னும் சொல்லல. பைத்தியமா நீ? இன்னைக்குச் சொன்னா போவாளா?... அவ அந்த மெயிலை அனுப்பட்டும். அப்புறம் வண்டி ஏறட்டும்... அங்க போய் ஆறு மாசம் ஆகட்டும், சொல்லிக்கலாம்... நீ வந்து வாயை விட்டுடாதே தம்பி. உன் வாய் கறிக்கடை வாய்."

மகள் செருப்பைப் போடாமலேயே கீழே இறங்கினாள். கடைக்குப் போய், சோம்பு என்று கேட்பதற்குப் பதில் "ஆறு மாசம்" என்றாள். கடைக்காரர் விழித்தார். வீட்டு விற்பனை இல்லை. வாடகை இல்லை. மூடி வைத்த அந்த ஆளும் இல்லை. ஆறு மாதம் தள்ளிச் சொல்கிற விஷயம் என்றால் அது உடம்புதான். எந்த உடம்பு? நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். கொஞ்ச நாளாக இரண்டு கரண்டி ஊறுகாய் அதிகம் வைத்துக்கொள்கிறாள். நான்கு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது, ஐந்து நாளில் போய்விட்டது. போய்விட்டதா?

திரும்பியபோது மணி ஒன்றே கால். முதல் மாடித் திருப்பத்திலேயே அவள் நின்றாள்.

கருகல்.

லேசாக இல்லை. சர்க்கரையை இரும்பில் போட்டு எரித்த மாதிரி, தொண்டையைப் பிடிக்கிற கருகல். அம்மா மயங்கி விழுந்துவிட்டாளா? படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடிக் கதவைத் திறந்தாள்.

அம்மா ஓவனுக்கு ஒரு முழம் தள்ளி, அதே நாற்காலியில், நிம்மதியாக முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா! எழுபத்தொண்ணு ஆயிடுச்சு பாப்பா! நீ சொன்ன மாதிரியே ஏறுது." முகமெல்லாம் சிரிப்பு. அடுத்து, வழக்கம்போல: "நுழையறப்போ என்ன வாசனை?"

மகள் பதில் சொல்லவில்லை. துணியைப் பிடித்து ஓவனைத் திறந்தாள். தட்டில் தண்ணீர் வற்றி, சூட்டுக்கம்பியை ஒட்டிய பக்கம் வெங்காயம் கரியாகியிருந்தது. கறிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீலப் புகை ஒரு இழை எழுந்து போனது. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா எழுந்தாள்.

"தண்ணி வத்திடுச்சா?"

"ஆமா."

"கதவு திறக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்" என்றாள் அம்மா. பதிலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் மகளின் முகத்தைப் பார்த்த பார்வை, காலையில் கறிப்பொட்டலத்தின் மேலிருந்து பார்த்த அதே பார்வை.

கரியான வெங்காயத்தை வழித்தெடுத்துவிட்டு, வெந்நீர் ஊற்றி, கறியை அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி மறுபடி உள்ளே வைத்தார்கள். "இனிமே வேர்வை வெளிய போகாது. வேகமா ஏறும்" என்றாள் மகள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அம்மா கை கழுவப் போனாள். குனிந்து வேலை செய்ததில் முன்றானையிலிருந்து நோட்டு நழுவி நாற்காலியில் கிடந்தது.

மகள் எடுத்தாள்.

மூன்று கட்டம். முதல் கட்டத்தில் மணி. இரண்டாவதில் டிகிரி. மூன்றாவது கட்டத்தின் தலையில் 'பா' என்று ஒற்றை எழுத்து.

8.35 — 38 — வெங்காயம். பூண்டு கொஞ்சம். படி வரை.

10.55 — 61 — கொழுப்பு உருகுது. கொஞ்சம் இனிப்பு.

மூன்றாவது கட்டம் முழுவதும் அவள் வாயிலிருந்து போன சொற்கள். ஒன்றுகூட விடுபடவில்லை. கடைசி வரியில் 1.15, 71 என்று இருந்தது. அதற்கு நேரே மூன்றாவது கட்டம் காலி. அவள் பதில் சொல்லாத கேள்விக்கான இடம்.

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். கையில் சோம்புப் பாக்கெட் இன்னும் இருந்தது.  அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மூன்று ஐம்பதுக்குப் பெட்டி 94 காட்டியது. அம்மா கைதட்டினாள். "நாற்பது நிமிஷம் சொன்னேன்ல!" தாளைப் பிரித்ததும் எலும்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள், சேற்றிலிருந்து குச்சி வருவது மாதிரி வந்தது. கறியை ஓரமாக வைத்துவிட்டு, தட்டில் இறங்கிய சாற்றை வடித்து அடுப்பில் வைத்து, வினிகர் விட்டு, மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"சோம்பை வறுத்துப் பொடிச்சு இதுல போட்டுடு பாப்பா. நான் சேலை மாத்திட்டு வரேன்."

"சரி."

மகள் சாற்றைக் கிளறினாள். வேறு எதுவும் செய்யவில்லை. "போட்டாச்சா?" என்று அறையிலிருந்து குரல் வந்தது. "போட்டாச்சு" என்றாள். அம்மாவிடம் அவள் பொய் சொன்னது கடைசியாக எப்போது என்று நினைவில்லை. காது கொதித்தது.

மாமா நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லி நான்கு இருபதுக்கு வந்தார். படியிலிருந்தே சத்தம். "ஏய் லேபு! எந்த ஊருக்குப் போனாலும் இந்த மாதிரி கறி உனக்குக் கிடைக்காது. அங்கெல்லாம் கடல் தண்ணியக் குடிச்சுக்கிட்டு இருப்பானுங்க!"

"குடிக்க மாட்டாங்க மாமா. உப்பை எடுத்துட்டுத்தான் குடிப்பாங்க."

"பேசுறாளே! மெயில் அனுப்பியாச்சா?"

"இன்னும் இல்ல."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

உட்கார்ந்தார்கள். கறியைக் கரண்டியாலேயே பிய்க்க முடிந்தது. மேலே கருத்த மேல்தோல் மொறுமொறுவென்று, உள்ளே நார் நாராக, எண்ணெய் மினுக்கத்தோடு. அம்மா எல்லோருக்கும் சாறு ஊற்றினாள். மாமா முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டார். மகளும் சாப்பிட்டாள். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அம்மா செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்றுகூடச் சொல்லலாம். அது அவளை இன்னும் வருத்தியது.

அம்மா ஒரு வாய் மென்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். கேன்டீனில் தீர்ப்புச் சொல்லும்போது செய்வது மாதிரியே.

"உப்பு சரியா இருக்கு. புளிப்பும் சரி. சோம்புதான் கொஞ்சம் தூக்கலா இருக்கு பாப்பா. அரைக் கரண்டி கம்மியாப் போட்டிருக்கலாம்."

மாமாவின் வாய் நின்றது. அவர் தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு அவசர அவசரமாக மெல்லத் தொடங்கினார்.

"ஆமாக்கா. தூக்கல்தான். சோம்பு தூக்கல்."

மகள் சட்டைப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். கடையில் ஒட்டிய ஒட்டு அப்படியே இருந்தது.

 மாமா ஒரு துண்டு கறியை எடுத்தார். மறுபடி தட்டிலேயே வைத்தார்.

"நான் சொல்லலக்கா" என்றார் மெதுவாக. "நான் வாயையே திறக்கல."

"சாப்பிடு" என்றாள் அம்மா.

மணி நான்கு நாற்பத்தேழு. மகள் தன் கைபேசியைப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரையில் மின்னஞ்சல் எழுதி முடிக்கப்பட்டு இருந்தது. 'வருகிறேன்' என்ற ஒரு வரிக் கடிதம். அனுப்பவில்லை.

"காலையில இருந்து மூணு தடவை என்னைக் கடைக்கு அனுப்பினே" என்றாள். இவ்வளவு நீளமாக அவள் சாப்பாட்டு மேசையில் பேசியதில்லை. "வீட்டுக்குள்ளயே இருந்தா எனக்கும் பழகிப் போயிடும்னு அனுப்பினே. வெளிய போயிட்டு வந்தாத்தான் சரியாச் சொல்லுவேன்னு. நோட்டைப் பாத்தேன்."

"யார் நோட்டை யார் பாக்கறது?"

"பாத்துட்டேன். அடுப்பு மாத்தினது, சீட்டு ஒட்டினது, எல்லாத்தையும் பாத்துட்டேன். ஆனா நானா சொல்ல மாட்டேன். நீ சொல்லணும்."

"அஞ்சு ஆகப் போகுது. அதை அனுப்பு முதல்ல."

"நீ சொல்லு. நான் அனுப்பறேன்."

"சொன்னா நீ போக மாட்டே."

"போவேன்."

"போக மாட்டேடி. உன்னைப் பெத்தவளுக்குத் தெரியாதா? இங்கயே உக்காந்துக்கிட்டு என் சட்டியை முகர்ந்துக்கிட்டு இருப்பே. அதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்? கேன்டீன்ல ஒருத்திக்கும் தெரியாது. நாலு மாசமா நூத்தியெண்பது பேர் சாப்பிடறாங்க, ஒருத்தனும் தட்டை ஒதுக்கல. இன்னைக்கு நம்பர் வெச்சே இதைச் செஞ்சு முடிச்சேன். பாத்தேல்ல? நல்லா இருக்கா இல்லையா, சொல்லு."

"நல்லா இருக்கும்மா."

"அப்புறம் என்ன?"

"வெங்காயம் கரிஞ்சது. நீ பக்கத்துல உக்காந்திருந்தே."

அம்மாவின் கை தட்டின் மேலேயே நின்றது. மாமா தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தொடவில்லை. கடிகாரத்தில் நான்கு ஐம்பத்திரண்டு.

"நீ என்ன சொன்னாலும் அனுப்புவேன்" என்றாள் மகள். "அந்தத் தெர்மாமீட்டர் பெட்டியை உனக்கே ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டுப் போறேன். புகை வந்தா கத்தற மணி ஒண்ணு மாட்டிட்டுப் போறேன். தினமும் கூப்பிட்டு என்ன நம்பர்னு கேப்பேன். ஆனா தெரியாம போக மாட்டேன். பொய்யை இங்க வெச்சுட்டு என்னால வண்டி ஏற முடியாது. சொல்லும்மா."

"சத்தியமா அனுப்புவியா?"

மகள் விரலைத் திரையின் மேல், பொத்தானுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள்.  விரல் விலகவில்லை.

அம்மா சோம்புப் பாக்கெட்டை எடுத்தாள். ஒட்டைக் கிழித்தாள். உள்ளங்கையில் கொட்டி, கசக்கி, மூக்குக்கு அருகில் கொண்டுபோய் நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். இந்த முறை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எனக்கு வாசனை தெரியல பாப்பா" என்றாள். "அந்தக் காய்ச்சல்ல இருந்து எதுவுமே தெரியல."